முள் பதினாலைத் தாண்டியபோது

அத்தியாயம் 9

வெயில் வந்ததற்குச் சந்தோசப்படாத ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரி வளவில் மெற்றில்டாதான்.

தை மாதத்துப் பனி விடிந்து வெகுநேரமாகியும் பாலைமரங்களை விட்டுப் போகவில்லை. ஒருவழியாகப் பனிப்புகார் கலைந்து வெளிச்சம் விழுந்ததும், மலேரியாக்காரர் எல்லாரும் போர்வையோடு வெளியே வந்து குந்தியிருந்து உடம்பைக் காயவிட்டார்கள். மெற்றில்டா மட்டும் பிள்ளைப்பேற்று அறையின் மூலையில், பலகையில் பூட்டியிருந்த மீற்றரின் முள்ளைப் பார்த்தபடி நின்றாள்.

முள் பதின்மூன்றில் நின்றது. வெயில் இன்னும் ஏறவில்லை. ஏறினால்தான் தெரியும்.

அவளுடைய தம்பி றொமேசின் மனைவி கிருசாந்தினிக்குக் காய்ச்சலோடு காய்ச்சலாக ஏழாம் மாதத்திலேயே பேற்றுநோக் கண்டதும், உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளை இங்கே கொண்டுவந்ததும் போன கிழமை நடந்தவை. பிறந்தது பெண். ஒரு உள்ளங்கைக்குள் முதுகு அடங்கிவிடும். அழுதால் பூனைக்குட்டியின் சத்தம்.

"தன்ரை சூட்டைத் தானே பிடிச்சு வைச்சிருக்க இதுக்குத் தெரியாது," என்று அங்கே தாதியாக இருந்த பத்மாசனி மிஸி அன்றைக்கே சொல்லிவிட்டார். "இப்பிடிப் பிள்ளையளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி வவுனியாவிலைதான் இருக்கு. அந்தப் பாதையாலை கொண்டுபோனா, போய்ச் சேரமுதல் பிள்ளை விறைச்சுப்போம்."

அதனால் மெற்றில்டா ஒரு பெட்டி செய்தாள்.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவள் அவள். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, பற்றறி இல்லாத ஊருக்குச் சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அப்பா யோசெப் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓடிவந்தபோது வள்ளத்தை விட்டுவிட்டு, ஏனோ மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வெளியே பலகை, உள்ளே தடித்த ரெஜிபோம் நுரை. குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாது என்று நினைத்தாள். அதைக் கொதிநீரில் கழுவி, அடியில் இரண்டு கார் பல்ப்புகளைப் பூட்டி, மேலே தட்டு வைத்து, தட்டில் பஞ்சு பரப்பினாள். கோயில் சுவாமியார் வெயிலில் கரண்ட் எடுக்கிற இரண்டு சோலார் கொடுத்தார். யாரோ ஒரு கமக்காரர் பழைய பற்றறி ஒன்றைக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விட அவள் பயந்து பயந்து செய்த சாமான் ஒன்று இருந்தது. ஷண்ட் ரெகுலேற்றர்.

"அது என்ன பிள்ளை, அந்தப் பேர்?" என்று யோசெப் கேட்டிருந்தார்.

"வெயில் கூடினா கரண்டும் கூடும் அப்பா. பல்ப்பு கொதிச்சுதெண்டா பிள்ளையை அவிச்சுப்போடும். முத்தையன்கட்டுக் குளம் வான் பாயிறதைப் பார்த்தனீங்கள்தானே? மட்டத்துக்கு மேலை வாற தண்ணி வானாலை வழிஞ்சு போயிடும், கட்டு உடையாது. இதுவும் அப்பிடித்தான்."

"போற தண்ணி எங்கை போகும்?"

"இந்த அலுமினியத் தகட்டிலை சூடாப் போகும்."

ஒரு சின்ன சேனர் டயோட் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினாலு வோல்ட்டைத் தாண்டினால் அது பக்கத்திலிருக்கும் பெரிய ட்ரான்சிஸ்டருக்குத் தகவல் கொடுக்கும். ட்ரான்சிஸ்டர் வாயைத் திறந்து மிச்சத்தை விழுங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை அது செய்யும்வரை பிள்ளைக்கு இதமான சூடு. செய்யாவிட்டால்?

முந்தநாள் மத்தியானம் முள் திடீரென்று பதினாறுக்குப் போனது. அவள் பாய்ந்து போய்ச் சோலாரின்மேல் சாக்கைப் போட்டாள். கொஞ்சத்தில் சாக்கை எடுத்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல முள் பதினாலில் நின்றது. மறுபடி மறுபடி சோதித்தாள். பிழை பிடிபடவில்லை. பழைய பாட்டுப்பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய ட்ரான்சிஸ்டர் அது. சூடேறியதும் சோர்ந்துபோகிறதாக்கும் என்று முடிவுகட்டினாள்.

"புதுசு ஒண்டு வவுனியாவிலை எடுக்கலாம்," என்று அவள் சொன்னதுதான் தாமதம், றொமேஸ் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

மின்சாமான் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவர ஆமிச் சென்றியில் விடமாட்டார்கள். ரோச் பற்றறிக்கே ஆளை மறித்து வைக்கிற பாதை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள், தெரிந்துதான் போனான்.

நேற்றே அவன் வந்திருக்க வேண்டும்.

"மச்சாள்."

அடுத்த அறையிலிருந்து கிருசாந்தினியின் குரல். மெற்றில்டா முள்ளை விட்டுவிட்டுப் போகத் தயங்கினாள். பிறகு போனாள். கட்டிலில் மூன்று போர்வைக்குக் கீழே கிருசாந்தினி நடுங்கிக்கொண்டு கிடந்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"அவர் வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை கிருசா. பஸ் பிந்தியிருக்கும்."

"நேற்றும் இதைத்தான் சொன்னீங்கள்."

மெற்றில்டா போர்வையை இழுத்துவிட்டாள்.

"உங்களுக்கு ஒரு சாமான் வேணும் எண்டதுக்கு அவரை அனுப்பிப்போட்டீங்கள்," கிருசாந்தினியின் பற்கள் ஒன்றோடொன்று அடித்தன. "பிடிச்சு வைச்சாங்கள் எண்டா? என்ன சாமான் இது, எங்கை பூட்டப்போறாய் எண்டு கேட்டா அந்த மனிசன் என்ன சொல்லும்? அவருக்கு வலை பொத்தத்தான் தெரியும். கரண்டைப்பற்றி என்ன தெரியும்?"

"குழந்தைக்கு எண்டு சொல்லுவான்."

"நம்புவாங்களோ?"

அந்தக் கேள்வியைத்தான் மெற்றில்டா இரவெல்லாம் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பதில் சொல்லுமுன் வெளியே அப்பாவின் குரல் கேட்டது.

"பிள்ளை! வெயில் ஏறுது!"

ஓடிவந்து பார்த்தாள். பதின்மூன்றரை. பிறகு பதினாலு. அங்கே நின்றது. அலுமினியத் தகட்டைத் தொட்டாள், சுட்டது. வான் பாய்கிறது. பெட்டிக்குள் வெப்பமானி முப்பத்துமூன்று காட்டியது. குழந்தை கையைக் காதோரம் மடித்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

யோசெப் வெளியே, மேசையில் சாய்த்து வைத்திருந்த சோலாருக்குப் பக்கத்தில் சாக்கும் கையுமாக நின்றார். இரண்டு நாளாக அதுதான் அவருடைய வேலை. மகள் கத்தினால் சாக்கைப் போட வேண்டும். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த மனிதர், ஒரு தரம்கூட அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை, என்ரை கை சொரசொரப்பு," என்று தள்ளியே நின்றார்.

அப்போதுதான் வளவில் யாரோ கத்தினார்கள்.

"கிபிர்! கிபிர்!"

குண்டுவிமானத்தின் சத்தம் பிறகுதான் வந்தது. வானத்தைச் சீலையாய்க் கிழிக்கிற சத்தம். காயப்போட்ட போர்வைகளை விட்டுவிட்டு மலேரியாக்காரர் எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

பத்மாசனி மிஸி உள்ளே பாய்ந்துவந்தார். பெட்டியைத் திறந்து குழந்தையைப் பஞ்சோடு அள்ளித் தன் சட்டைக்குள் வைத்தார். போகிறபோக்கில் பல்ப்புச் சுவிச்சைத் தட்டி நிறுத்தினார். மண்ணெண்ணெய்த் துளிக்கும் கணக்குப் பார்த்துப் பழகிய ஊர். ஆளில்லாத இடத்தில் விளக்கை எரியவிட்டுப் போக யாருக்கும் கை வராது.

மெற்றில்டா அதைப் பார்த்தாள். பார்த்தும் மனதில் ஏறவில்லை. கிருசாந்தினியின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்குவதிலும், சேலைன் போத்தலைப் பல்லால் கவ்விப் பிடிப்பதிலும் அவளுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா! சோலாரை மூடுங்கோ, மினுங்கும்!"

யோசெப் சாக்கை விரித்தார். அதற்குள் முதல் குண்டு கடற்கரைப் பக்கமாக எங்கோ விழுந்தது. நிலம் அதிர்ந்தது. சாக்கைக் கைவிட்டு அவர் அந்த இடத்திலேயே குப்புற விழுந்தார். பிறகு தவழ்ந்து பங்கருக்குள் வந்து சேர்ந்தார்.

பங்கருக்குள் மண்வாசனையும் காய்ச்சல் வாசனையும் கலந்திருந்தது. தென்னங்குற்றிகளுக்கு இடையால் மண் பொலபொலவென்று கொட்டியது. மிஸி குனிந்து, முதுகைக் கூரையாக்கிக் குழந்தையின்மேல் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது குண்டு.

"அழுறாளோ?" கிருசாந்தினி கேட்டாள்.

"அழேல்லை."

"மூச்சு விடுறாளோ? மிஸி, பாருங்கோ, மூச்சு விடுறாளோ?"

மிஸி சட்டைக்குள் கையை விட்டுத் தடவினார். எல்லாரும் அவருடைய முகத்தையே பார்த்தார்கள்.

"விடுறாள்," என்றார்.

மெற்றில்டாவுக்கு வேறொரு பயம். ஏதோ ஒன்றைச் செய்யாமல் வந்துவிட்டோம் என்ற உறுத்தல். அது என்ன என்று பிடிபடவில்லை. விமானம் மறுபடி சுற்றி வந்தது, தாழ்ந்தது, குண்டு போடாமல் போனது. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் வெகுநேரம் ஒருவரும் அசையவில்லை.

வெளியே வந்தபோது வெயில் உச்சியை எட்டியிருந்தது. மிஸி முன்னால் ஓடினார். குழந்தையின் கால் குளிரத் தொடங்கியிருந்தது. அவருக்கு அதுதான் அவசரம். மெற்றில்டா கிருசாந்தினியைக் கட்டிலில் கிடத்திவிட்டு நிமிரும்போது ஒரு மணம் வந்தது. புளித்த, மூக்கை அரிக்கிற மணம். பற்றறி கொதிக்கிற மணம்.

"மிஸி, சுவிச்சைப் போடாதேங்கோ!"

பிந்திவிட்டது. அடுத்த அறையில் சுவிச்சுச் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே 'படீர்' என்று ஒரு வெடிப்பு.

மெற்றில்டா எப்படி அந்த வாசலைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டிக்குள் ஒரு பல்ப்பு வெடித்துச் சிதறியிருந்தது. மற்றது பார்க்கமுடியாத வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. தட்டுக்கு மேலே குழந்தை முகம் சிவந்து, வாயைத் திறந்தபடி கிடந்தது. மிஸி உறைந்துபோய் நின்றார். மெற்றில்டா குழந்தையைத் தூக்கினாள். பஞ்சு சுட்டது.

"கண்ணாடி பட்டதோ? பாருங்கோ, முதுகைப் பாருங்கோ!"

மிஸிக்கு உயிர் வந்தது. குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டு தடுத்திருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. பூனைக்குட்டிச் சத்தம் ஒன்று மெல்லக் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் மெற்றில்டா பெட்டியை விட்டு நிமிர்ந்தாள்.

மீற்றரைப் பார்த்தாள். முள் பதினேழைக் கடந்து நின்றது.

"என்ன நடந்தது?" கிருசாந்தினி அடுத்த அறையிலிருந்து கத்தினாள். "என்ன வெடிச்சது? என்ரை பிள்ளை எங்கை?"

"ஒண்டுமில்லை, பல்ப்பு! பிள்ளை நல்லா இருக்கிறாள்!" என்று கத்திவிட்டு மிஸி குரலைத் தாழ்த்தினார். "பெட்டி இல்லாம வைச்சிருக்கேலாது மெற்றில்டா. ஆரின்ரையாவது நெஞ்சிலை சூட்டுக்குப் போடவேணும். தாய்க்கு இந்த நடுக்கத்திலை குடுக்கேலாது. நீ…"

"எனக்குக் கை வேணும் மிஸி. இதைத் திருத்தவேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். யோசெப் முழங்காலெல்லாம் மண்ணோடு அங்கே நின்றார்.

"ஐயா, சேட்டைக் கழட்டுங்கோ," என்றார் மிஸி.

"நானோ?"

"நீங்கள்தான். இருங்கோ இந்தக் கதிரையிலை."

மறுத்துப் பேச அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. நரைத்த ரோமத்தோடு, உப்பும் வெயிலும் தின்ற அந்த நெஞ்சில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, மேலே போர்வையைச் சுற்றினார். யோசெப் மூச்சுவிடவே பயந்து விறைத்துப்போய் இருந்தார். பிறகு செபமாலைச் செபத்தை வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார்.

மெற்றில்டா வெளியே ஓடிச் சோலாரின்மேல் சாக்கைப் போட்டுவிட்டு வந்து, சுவிச்சை நிறுத்தி, பலகைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

உறுத்தியது என்ன என்று இப்போது விளங்கியது. பல்ப்பை நிறுத்தினால் ரெகுலேற்றர் ஓய்வெடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியல்ல. பல்ப்பு தின்ற பங்கையும் சேர்த்து அதுவே விழுங்கவேண்டும். எல்லாரும் பங்கருக்குள் இருந்த நேரமெல்லாம், உச்சி வெயில் முழுவதையும் அது தனியே தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தாங்கித் தாங்கி, ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டது. தேய்ந்த பற்றறிக்கும் முள்ளைப் பிடித்து நிறுத்தத் தெம்பில்லை.

தகடு ஆறியதும் மிஸியைக் கூப்பிட்டாள்.

"சாக்கை எடுங்கோ. நான் சொன்ன உடனை போடவேணும்."

சாக்கு போனது. முள் ஏறியது. பதின்மூன்று. பதினாலு. நின்றது.

அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பிழை எங்கேயோ ஒளித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. குளிரில் நல்ல பிள்ளை. சூட்டில்தான் அதன் குணம் தெரியும். ஆனபடியால் சூடேறவிட வேண்டும். பல்ப்பை நிறுத்தியபடியே வைத்துக்கொண்டு, கையைத் தகட்டில் வைத்துக் காத்திருந்தாள். இளஞ்சூடு. சூடு. கை வைக்க முடியாத சூடு.

முள் துள்ளியது. பதினாறு.

சன்னலால் முள்ளைக் கண்ட மிஸி சாக்கோடு பாய்ந்தார். "கொஞ்சம் பொறுங்கோ!" என்று மெற்றில்டா கத்தினாள்.

தகட்டைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். முள் ஏறிக்கொண்டிருக்க, தகடு ஆறிக்கொண்டிருந்தது. ட்ரான்சிஸ்டர் விழுங்குவதை நிறுத்திவிட்டது. சோர்ந்துபோய் நிறுத்தியதா, அல்லது அதற்குச் சொல்ல ஆளில்லாமல் நிறுத்தியதா?

மீற்றர்க் கம்பியை ட்ரான்சிஸ்டரின் தகவல் காலில் வைத்தாள். முள் அடியோடு விழுந்தது. பூச்சியம்.

தகவலே வரவில்லை.

கம்பியைத் திரும்பப் பழைய இடத்தில் பூட்டினாள். கையெட்டிய விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உடைத்து, சேனரின் காலை மெல்ல அழுத்தினாள். முள் மளமளவென்று இறங்கிப் பதினாலில் நின்றது. ஈர்க்கை எடுத்தாள். பதினாறு. அழுத்தினாள். பதினாலு.

"சாக்கைப் போடுங்கோ மிஸி," என்றாள்.

பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சேனரின் காலைச் சுற்றி அவள் வைத்த ஈயத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வட்ட வெடிப்பு. சிரட்டைக் கரியில் சூடாக்கிய இரும்பால் அவசரத்தில் வைத்த ஈயம். சரியாக உருகிப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்குச் சேனரை அந்தக் கொதிக்கிற தகட்டோடு ஒட்டினாற்போல வைத்திருந்தாள். தகடு சுடும்போது கால் நீண்டு ஈயத்தை விட்டு விலகும். ஆறினால் திரும்ப வந்து தொட்டுக்கொள்ளும்.

ட்ரான்சிஸ்டரில் ஒரு குறையும் இல்லை. தொடக்கத்திலிருந்தே இல்லை.

றொமேசை எதற்காக அனுப்பினாள்?

அழுவதற்கு அது நேரமில்லை. குசினிக்குப் போய்ச் சிரட்டைக் கரியை ஊதித் தணலாக்கினாள். இந்த முறை இரும்பு நன்றாகச் சூடேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்தாள். சேனருக்கு நீளக் கம்பி வைத்து, தகட்டிலிருந்து தள்ளி, காற்றுப் படுகிற இடத்தில் பூட்டினாள். புது ஈயம் காலைச் சுற்றி ஓடி, பளபளவென்று இறுகியது. மற்ற எல்லாப் பொருத்துகளையும் ஒவ்வொன்றாக ஈர்க்கால் அழுத்திப் பார்த்தாள்.

பிறகு சோதனை. பல்ப்பு இல்லை, முழு வெயில், முழுப் பாரமும் ரெகுலேற்றரின் தலையில். தகடு கொதித்தது. அவள் முள்ளைப் பார்த்தபடி இருந்தாள். கண் எரிந்தது. முள் பதினாலை விட்டு ஒரு மயிரளவும் அசையவில்லை. தகட்டில் தண்ணீர் தெளித்தாள், சுரீர் என்றது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

பெட்டியைத் துடைத்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, மிச்சமிருந்த ஒரு பல்ப்பைப் பூட்டினாள். வெப்பமானி முப்பத்துமூன்றுக்கு வந்ததும் மிஸி யோசெப்பின் நெஞ்சிலிருந்து குழந்தையை எடுத்தார். அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு யோசெப் எழும்பினார். அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

"என்ரை நெஞ்சிலை மூத்திரம் பெய்துபோட்டாள்," என்றார். அன்று அந்த அறையில் ஒருவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

"இனி லைற்றை நிப்பாட்ட முதல் சாக்கைப் போடுங்கோ மிஸி," என்றாள் மெற்றில்டா. "சாக்கைப் போட்டிட்டுத்தான் சுவிச்சு. கிபிர் வந்தாலும் சரி."

"மறக்கமாட்டன்," என்றார் மிஸி. "செத்தாலும் மறக்கமாட்டன்."

வெயில் சாய்ந்து, பாலைமர நிழல் வளவைத் தாண்டி றோட்டுவரை நீண்டபோது, ஒரு சைக்கிள் வந்து வாசலில் நின்றது. தங்கராசா. வவுனியாவிலிருந்து தலையணைக்கும் சேட்டுக்கும் துணி கொண்டுவந்து விற்கிறவர். றொமேசோடு ஒரே பஸ்ஸில் போனவர்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி மெற்றில்டாவைக் கையால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்சை வாங்கோ. சத்தம் போடாதேங்கோ."

அவருடைய முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சென்றியிலை மறிச்சிட்டாங்கள். சாரத்து மடிப்புக்கை வைச்சுத் தைச்சிருந்தவன். தடவிப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டாங்கள். இரும்புத் தொப்பி மாதிரி, ரெண்டு காலோடை ஒரு சாமான். என்னத்துக்கு எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னவன்?"

"பிள்ளைக்கு எண்டான். ஏழுமாதப் பிள்ளை, மீன்பெட்டிக்கை கிடக்கு, அந்தப் பெட்டிக்கு எண்டான். அவங்கள் சிரிச்சாங்கள். மீன்பெட்டிக்கை பிள்ளையோ எண்டு கேட்டுச் சிரிச்சாங்கள். எங்களை எல்லாம் போகச் சொல்லிப்போட்டு அவனை மட்டும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள்." தங்கராசா றோட்டைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒரு இரவு அங்கையே நிண்டு பார்த்தனான் தங்கச்சி. வெளியிலை விடேல்லை."

அவர் போய்விட்டார். மெற்றில்டா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவிடம் முதலில் சொல்வதா? மிஸியிடமா? இன்றைக்கு ஒருவருக்கும் சொல்லாமல் விடுவோமா? கிருசாந்தினிக்கு நாளைக்காவது கொஞ்சம் தெம்பு வரட்டுமே.

"மச்சாள்!"

உள்ளே போனாள். கிருசாந்தினிக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை பிறந்தபிறகு முதல்முறையாக, தலையணையை முதுகுக்கு வைத்து எழும்பி இருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. கிட்டத்தட்டச் சிரிப்பு.

"பெட்டி சரிவந்திட்டுதாம். மிஸி சொன்னவா. இனிச் சூடு கூடாது, குறையாது எண்டு." அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சைக்கிள் சத்தமும் கேட்டது. அவர்தானே? சாமானைக் குடுத்திட்டுக் கால்கழுவப் போயிட்டாரோ?"

மெற்றில்டா கட்டிலின் விளிம்பில் இருந்தாள். பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். நாளை காலைவரை இந்த முகம் இப்படியே இருக்கும்.

"அவன் வரேல்லை கிருசா."

"அப்ப சாமான்?"

"சாமான் இல்லாமலே சரிவந்திட்டுது. பழையது பழுதாகேல்லை. ஈயம் விட்டிருந்தது. நான் வைச்ச ஈயம்." நிறுத்தினால் பிறகு சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். "அவனைச் சென்றியிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். தங்கராசா அண்ணை இப்ப வந்து சொல்லிப்போட்டுப் போறார்."

கிருசாந்தினி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். கிருசாந்தினி கத்தவில்லை.

"என்னத்துக்கு எண்டு சொன்னவராம்?"

"பிள்ளைக்கு எண்டு."

"நம்பேல்லையோ?"

"நம்பேல்லை."

கிருசாந்தினி கையிலிருந்த சேலைன் ஊசியைப் பார்த்தாள். ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்? விடு!"

"பிள்ளையை எடுத்துத் தாங்கோ மச்சாள்." அவளுடைய குரலில் நடுக்கம் இல்லை. "விடியவே முதல் பஸ்ஸிலை நான் போறன். பிள்ளையைக் கண்ணாலை கண்டாத்தான் நம்புவாங்கள்."

அடுத்த அறையில் வெப்பமானி முப்பத்துமூன்றில் நின்றது. சன்னலுக்கு வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது.